எந்த நாட்டவர், எதற்காக வருகிறார்கள்? வெளிநாட்டுப் பயணிகள் கணக்கைச் சென்னையிலிருந்து படிக்கும் முறை

சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்குத் தயாராகிறவர்கள், வீட்டு மாடியை ஹோம்ஸ்டே ஆக்க நினைப்பவர்கள், சிறிய அளவில் டிராவல்ஸ் தொடங்குபவர்கள், கல்லூரியில் சுற்றுலாவைப் பாடமாக எடுத்து ஆய்வேடு எழுதுபவர்கள் ஆகிய அனைவருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வி எழுகிறது: இந்தியாவுக்கு எந்த நாட்டவர் அதிகம் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள்? மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியச் சுற்றுலாப் புள்ளிவிவரத் தொகுப்பில் இதற்கான விடை இருக்கிறது. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயினும் அதிலுள்ள முதல் பத்து நாடுகளின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, எந்த மொழியைக் கற்பது, எந்த மாதத்தில் அறை வாடகையை உயர்த்துவது என்று முடிவு செய்பவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம். நாட்டின் பெயருடன் பயணத்தின் நோக்கம், நுழைந்த வழி, வந்த மாதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பட்டியல் சென்னையில் இருப்பவருக்குப் பயன்படும். அப்படிச் சேர்த்துப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், எந்த எண் என்று பாருங்கள்

ஒரே ஆண்டுக்கு மூன்று வெவ்வேறு எண்கள் வழங்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை சுமார் 1.09 கோடி. இது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் கணக்கு. வெளிநாட்டில் வாழும், ஆனால் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருக்கும் நம்மவர்களின் வருகை அதே ஆண்டில் சுமார் 70 லட்சம். 2014 முதல் இதையும் சேர்த்துப் பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை என்று தனியாக ஓர் எண் தரப்படுகிறது. 2019-இல் அது சுமார் 1.79 கோடி. துபாயிலிருந்து பொங்கலுக்குத் தாம்பரம் வரும் மகன் முதல் கணக்கில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறார்.

மூன்றாவது எண்தான் அதிகக் குழப்பத்தைத் தருகிறது. 2019-இல் தமிழ்நாட்டுக்கு 68.66 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்ததாகவும், நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம் என்றும் பல இடங்களில் படித்திருப்பீர்கள். நாட்டுக்குள் வந்தவர்களே 1.09 கோடி என்றால், அவர்களில் மூவரில் இருவர் தமிழ்நாட்டுக்கு வந்தார்களா? இல்லை. மாநிலங்கள் தருவது ஆட்களின் கணக்கன்று, வருகைகளின் கணக்கு. தங்குமிடங்களிலிருந்து திரட்டப்படும் இந்தக் கணக்கில், மாமல்லபுரத்தில் ஓர் இரவும், தஞ்சாவூரில் ஓர் இரவும், மதுரையில் ஓர் இரவும் தங்கிய ஒரே பிரெஞ்சுப் பெண்மணி ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம்பெறக்கூடும். எல்லா மாநிலங்களின் வருகைகளையும் கூட்டினால் 2019-இல் சுமார் 3.14 கோடி வருகிறது. அதாவது நாட்டுக்குள் வந்த ஒவ்வொருவரும் சராசரியாக ஏறக்குறைய மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார். ஆகவே மாநில எண்ணை அறைகளின் தேவையைக் கணிக்கப் பயன்படுத்தலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லப் பயன்படுத்தக் கூடாது. 2023-க்குத் தமிழ்நாட்டின் எண் சுமார் 11.74 லட்சம் மட்டுமே என்பதைப் பார்த்து, ஆறில் ஐந்து பங்குப் பயணிகள் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதுவதும் அதே தவறுதான். அதே ஆண்டில் நாட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 95 லட்சமாக, பழைய நிலைக்கு அருகில் திரும்பியிருந்தது. தேசிய எண் மீண்டெழுந்த காலத்தில் மாநில எண் இவ்வளவு இறங்கியிருந்தால், எண்ணும் முறையையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

நாடு என்பது கடவுச்சீட்டின் நாடு

இந்தியக் கணக்கில் பயணியின் நாடு அவருடைய குடியுரிமையை வைத்தே குறிக்கப்படுகிறது. இந்தச் சிறிய விதி சென்னையைப் பொறுத்தவரை மிகப் பெரிய விளைவைத் தருகிறது. டொராண்டோவில் குடியுரிமை பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பம் திருமணப் பட்டெடுக்கத் தியாகராய நகருக்கு வந்தால், பட்டியலில் அவர்கள் கனடா நாட்டவர். நியூ ஜெர்சியில் குடியுரிமை பெற்று வாழும் மயிலாப்பூர்ப் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் அமெரிக்கர்கள். கோலாலம்பூரிலிருந்து கோயில் சுற்றுலாவுக்கு வரும் செட்டியார் குடும்பம் மலேசியா. இவர்களில் யாருக்கும் இட்லி என்றால் என்ன என்று விளக்கும் வழிகாட்டி தேவைப்படுவதில்லை. நல்ல வண்டியும், நேரம் தவறாத ஓட்டுநரும், பெரியவர்கள் ஏறி இறங்க வசதியான தங்குமிடமும்தான் தேவை.

2019-இல் வங்கதேசம் முதலிடம் (சுமார் 25.8 லட்சம்), அமெரிக்கா இரண்டாமிடம் (சுமார் 15 லட்சம்), பிரிட்டன் மூன்றாமிடம் (சுமார் 10 லட்சம்). அவற்றுக்குப் பின்னால் ஆஸ்திரேலியா, கனடா, சீனா, மலேசியா, இலங்கை, ஜெர்மனி, ரஷ்யா ஆகியவை தலா சில லட்சங்களுடன் நெருக்கமாக நின்றன. முதல் ஐந்து நாடுகளில் வங்கதேசத்தைத் தவிர்த்த நான்கும் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் குடியேறிய நாடுகள் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்ற பெயர்களைக் கண்டதும் முதுகில் பையைச் சுமந்த வெள்ளைக்காரரை மனத்தில் வரைந்துகொள்ளும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

நோக்கத்தை எப்படிப் படிப்பது

அமைச்சகத்தின் தொகுப்பில் நோக்கங்கள் ஐந்து பிரிவுகளாகத் தரப்படுகின்றன: ஓய்வும் பொழுதுபோக்கும், வணிகமும் தொழிலும், இந்திய வம்சாவளியினரின் வருகை, மருத்துவம், பிற. 2019-இல் ஓய்வுப் பயணம் 57 விழுக்காடு, வணிகம் சுமார் 15, வம்சாவளியினர் சுமார் 13, மருத்துவம் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2023-க்குள் இந்த வரிசையின் உள்ளடக்கம் மாறிவிட்டது: ஓய்வுப் பயணம் பாதிக்கும் கீழே இறங்கியது, வம்சாவளியினர் நான்கில் ஒரு பங்குக்கு மேலே போனார்கள். கோவிட் முடிந்ததும் முதலில் திரும்பி வந்தவர்கள் பெற்றோரைப் பார்க்க வந்தவர்களே என்று இதைப் படிக்கலாம். 2020-இல் 27 லட்சமாகவும் 2021-இல் 15 லட்சமாகவும் சுருங்கிப்போன எண்ணிக்கை மறுபடி ஏறியபோது, அதே அளவு ஏறினாலும் அதே ஆட்கள் ஏறவில்லை.

இந்த ஐந்து பிரிவுகளுக்கும் ஓட்டைகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் விழுக்காடுகளை நம்பக் கூடாது. ஒருவருக்கு ஒரு நோக்கம் மட்டுமே பதிவாகிறது. மலேசியாவிலிருந்து வரும் ஒரு குடும்பம் ஒரே பயணத்தில் திருவண்ணாமலையில் கும்பிட்டு, தியாகராய நகரில் நகை எடுத்து, தாத்தாவின் கண்ணையும் கல்லூரிச் சாலைக் கண் மருத்துவமனையில் காட்டிவிட்டுப் போவது சர்வசாதாரணம். கணக்கில் அது ஓய்வுப் பயணம். அடுத்து, எந்த விசா எளிதாகக் கிடைக்கிறதோ அதிலேயே மக்கள் வருகிறார்கள். குறுகிய கால யோகா பயிற்சியைச் சுற்றுலா மின்விசாவிலேயே மேற்கொள்ளலாம் என்பதால், சென்னைக்கு யோகா கற்க வரும் ஐரோப்பியரும் ஓய்வுப் பிரிவில் விழுகிறார். உடல் பரிசோதனைக்கு வருவோரில் சிலரும் சுற்றுலா விசாவிலேயே வருகிறார்கள். ஆகவே மருத்துவம் 6 விழுக்காடு என்றால், அதை அடிமட்டக் கணக்காக மட்டுமே கொள்ள வேண்டும். மேலும், மருத்துவ மின்விசா பெறும் ஒரு நோயாளியுடன் இரண்டு உதவியாளர்கள் வரை தனி விசாவில் வரலாம். மருத்துவமனைக்கு எதிரே லாட்ஜ் நடத்துபவருக்கு நோயாளியைவிட அட்டெண்டர்களின் எண்ணிக்கைதான் முக்கியம். நோயாளி வார்டில் இருக்கும் நாட்களிலும் அறையில் தங்குவதும், சமைக்க அடுப்பு கேட்பதும், துணி துவைக்க இடம் கேட்பதும் அவர்கள்தான்.

வணிகப் பிரிவில் ஓர் எல்லைக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகளின் வரையறைப்படி, வழக்கமாக வாழும் சூழலுக்கு வெளியே, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்குப் பயணம் செய்து, ஓர் இரவாவது தங்குபவர் சுற்றுலாப் பயணி. சென்ற நாட்டின் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யப் போகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் பிற்பகுதியில் ஆலை தொடங்கிய பிறகு சென்னையில் கொரியர்களின் நடமாட்டம் பெருகியது. ஆலையில் இயந்திரம் பொருத்தப் பத்து நாள் வந்துபோகும் பொறியாளர் வணிகப் பயணி. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்துடன் குடியிருக்கும் மேலாளர் பயணியே அல்லர். தெருவில் பார்க்கும்போது இருவரும் ஒன்றுதான், ஆனால் முன்னவர் ஓட்டல் அறை எடுப்பார், பின்னவர் வீடு வாடகைக்கு எடுப்பார்.

நுழைவாயிலைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்

வெளிநாட்டுப் பயணிகளில் சுமார் ஐந்தில் நான்கு பங்கினர் விமானத்தில் வருகிறார்கள். எஞ்சியவர்களில் ஏறக்குறைய அனைவரும் தரைவழி. தில்லியும் மும்பையும் முதலிரண்டு விமான நிலையங்கள். ஆனால் அந்த வரிசையில் மேற்கு வங்கத்தின் எல்லையிலுள்ள ஹரிதாஸ்பூர் என்ற சோதனைச் சாவடி சென்னை விமான நிலையத்துக்குப் போட்டியாக நிற்பதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். வங்கதேசத்தவரில் பெரும்பாலோர் தரைவழியாக வருகிறார்கள் என்பதே காரணம். அவர்களில் பெரும்பகுதியினரின் பயணம் கொல்கத்தாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலுமே முடிந்துவிடுகிறது. ஆகவே தேசியப் பட்டியலில் வங்கதேசம் எவ்வளவு பெரியதாகத் தெரிந்தாலும், அதை அப்படியே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது. சென்னைக்கும் வேலூருக்கும் வரும் பகுதி, மருத்துவத்துக்காக மேலும் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் பயணம் செய்யத் துணிந்த பகுதி.

சென்னையை நுழைவாயிலாகக் கொண்டவர்களை அறிய, விமான நிலையத்தின் பன்னாட்டு வருகைப் பலகையை ஒரு நாள் முழுக்கப் பார்ப்பதே போதும். கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், தோகா, டாக்கா என்று வரும் ஊர்களின் வரிசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கே நேர் விமானங்கள் இருப்பதால், சோழ மண்டலக் கோயில்களுக்கு வரும் மலேசியத் தமிழர் சென்னையை மிதிக்காமலே ஊர் திரும்பிவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

எண் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது

ஒரு நாட்டின் எண்ணிக்கை திடீரென்று மாறினால், அந்த நாட்டு மக்களின் ரசனை மாறிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். நடைமுறையில் பெரும்பாலான திடீர் மாற்றங்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. 2014 நவம்பரில் 43 நாடுகளுக்கு மின்விசா தொடங்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கு விரிவானபோது எண்கள் ஏறின. 2019-இல் மூன்று லட்சத்துக்கு மேல் வந்த சீனர்கள், கோவிட்டுக்குப் பின் பட்டியலின் மேல்வரிசையிலிருந்து காணாமல் போனார்கள். சீனக் குடிமக்களுக்குச் சுற்றுலா விசா மீண்டும் வழங்கத் தொடங்கியதே 2025 ஜூலையில்தான். 2023 செப்டம்பரில் இந்தியா-கனடா உறவு முறுகியபோது கனடியர்களுக்கான விசாச் சேவை நிறுத்தப்பட்டு, மின்விசா நவம்பரில்தான் திரும்பி வந்தது. மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிவைத்திருந்த குடும்பங்கள் தவித்த காலம் அது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பின் அந்நாட்டவருக்கான விசா, மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. அந்த ஆண்டுக் கணக்கில் அமெரிக்கா முதலிடத்துக்கு வந்தது. வங்கதேசம் முதலிடத்தை இழந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டு மருத்துவமனை சார்ந்த ஆயிரம் விளக்குப் பகுதியில் லாட்ஜை மூடுபவர் அவசரப்பட்டவராவார். எஞ்சி நின்ற விசாப் பிரிவே அவருடைய வாடிக்கையாளர்களுடையது.

மாதவாரிக் கணக்கையும் பாருங்கள். நாடு முழுவதற்கும் டிசம்பரே உச்சம். ஐரோப்பியர் குளிருக்குத் தப்பி வரும் காலமும், அமெரிக்க, கனடிய வம்சாவளிக் குடும்பங்களின் விடுமுறையும், சென்னையின் இசை விழாவும், அடையாறில் பிரம்மஞான சபையின் ஆண்டு மாநாடும் அந்த ஒரே மாதத்தில் வந்து குவிகின்றன. ஆனால் வம்சாவளிக் குடும்பங்களுக்கு ஜூன், ஜூலையில் இன்னொரு சீசன் உண்டு. அந்த நாடுகளில் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். வெயிலைப் பற்றி அவர்கள் புலம்புவார்கள், ஆனால் வருவார்கள். மருத்துவப் பயணிகளுக்குச் சீசனே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

சென்னையில் சரிபார்ப்பது

எழுத்தில் இருப்பதைத் தெருவில் சரிபார்ப்பது நல்லது, ஆனால் கண்ணும் ஏமாற்றும். சென்னையில் கிரீம்ஸ் சாலை மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளிலும், வேலூரில் 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் எதிர்ப்புறத்திலும் வங்க எழுத்துப் பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. மீன்குழம்பு மணக்கும் அந்த உணவகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வங்கதேசத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஹவுராவிலிருந்து ரயிலேறி வரும் மேற்கு வங்கத்தவரும், திரிபுராவிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்களும் அவர்களில் ஏராளம்; அவர்கள் உள்நாட்டுப் பயணிகள்.

மாமல்லபுரத்தின் கணக்கு இதைவிட நுட்பமானது. தொல்லியல் துறையின் எண்களின்படி 2021-22-இல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 1.45 லட்சம், தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் சுமார் 39 ஆயிரம். இதைக் கொண்டாடிய செய்திகள் பல. ஆனால் அது ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டு. சுற்றுலா அமைச்சகத்தின் ஆண்டோ ஜனவரியில் தொடங்குவது. அந்த நிதியாண்டின் பெரும்பகுதியில் வெளிநாட்டவருக்குச் சுற்றுலா விசாவே நிறுத்தப்பட்டிருந்தது. அப்படியானால் சீட்டு வாங்கியவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே இங்கே குடியிருந்த வெளிநாட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் வண்டியோட்டிக்கொண்டு வந்த நம் கொரிய மேலாளரைப் போன்றவர்கள். இன்னொன்றும் உண்டு. அங்கே வெளிநாட்டவருக்குக் கட்டணம் 600 ரூபாய். இந்தியருக்கு 40 ரூபாய். ஆனால் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா வட்டாரக் கூட்டமைப்பு) நாடுகளின் குடிமக்களுக்கும் இந்தியருக்கான கட்டணமே. எனவே 600 ரூபாய்ச் சீட்டை மட்டும் எண்ணினால் இலங்கையரும், வங்கதேசத்தவரும், தாய்லாந்தினரும் அதில் தெரியமாட்டார்கள்.

உங்கள் சொந்தக் கணக்கு

தங்குமிடம் நடத்துபவரிடம் அமைச்சகத்திடம் இருப்பதைவிடக் கூர்மையான தகவல் கைவசமே இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று பழகிப்போன விவரப் படிவத்தை இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். குடியுரிமை, விசாவின் வகை, எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார், அடுத்து எங்கே போகிறார் ஆகியவை அனைத்தும் அதில் உண்டு. பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் எடுக்காமல், மற்ற விவரங்களை மட்டும் ஒரு தாளில் மாதவாரியாக ஏற்றிவாருங்கள். நாட்டுக்கு ஒரு வரிசை என்று போடாமல், நாடும் நோக்கமும் சேர்ந்த இணைக்கு ஒரு வரிசை போடுங்கள்: வங்கதேசம்-மருத்துவம், அமெரிக்கா-உறவினர், மலேசியா-கோயில், கொரியா-வணிகம், பிரான்ஸ்-ஓய்வு என்பது போல. ஒவ்வொரு இணைக்கும் சராசரியாக எத்தனை இரவு, எத்தனை பேர் சேர்ந்து, எந்த மாதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் படிவத்தில் இருப்பதோடு நிற்காமல், விருந்தினர் பேச்சுவாக்கில் சொன்னதையும் அருகில் எழுதுங்கள். மேலே சொன்ன ஓட்டைகள் அங்கேதான் அடைபடும்.

வழிகாட்டிகளுக்குச் சி படிவம் கிடையாது. ஆனால் முன்பதிவுக் குறுஞ்செய்திகள் உண்டு. மாமல்லபுரத்திலும் மயிலாப்பூரிலும் வேலை செய்பவர் தன்னை அமர்த்தியவர்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், தேசியப் பட்டியலின் முன்வரிசையில் இல்லாத பிரான்சும் ஜெர்மனியும் தன் தாளில் மேலே நிற்பதைக் காணலாம். புதுச்சேரியும் ஆரோவில்லும் பக்கத்தில் இருப்பது அதற்கு ஒரு காரணம். உறவினர் இல்லாத ஊருக்கு வருபவருக்கே வழிகாட்டி தேவை என்பது இன்னொரு காரணம். எந்த மொழியைக் கற்பது என்ற கேள்விக்கு விடையை அந்தத் தாளிலிருந்தே எடுங்கள். இரண்டு சீசன்கள் முழுதாக ஏறிய பிறகு, அதை அமைச்சகத்தின் அண்மைத் தொகுப்புடன் ஒப்பிட்டு, உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு இணைக்கும் எதிரே அந்த நாட்டுக்கு இப்போது நடப்பிலுள்ள விசா விதியையும், சென்னைக்கு நேர் விமானம் உண்டா என்பதையும் எழுதிவையுங்கள். இவ்விரண்டில் எது மாறினாலும் அந்த வரிசையை மட்டும் திருத்தினால் போதும்.